வார்டில் கழிந்த மூன்று நாட்கள்

புகைப் பழக்கத்தை விட மாத்திரை வேண்டுமா, மன உறுதி மட்டும் போதுமா என்று நோயாளிகளும் அவர்தம் குடும்பத்தினரும் எங்களிடம் அடிக்கடி கேட்கின்றனர். புகையை அறவே விட்டவர்களில் பெரும்பாலோர் எந்த மருந்தும் இன்றியே விட்டவர்கள். ஆயினும், துணை ஏதுமின்றி ஒருமுறை முயல்வோருள் ஓராண்டு கடந்தும் புகைக்காதிருப்போர் நூற்றுக்கு மூவர் முதல் ஐவர் வரையே. இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரண்படுவன அல்ல. பலர் பலமுறை முயன்று, தவறி, மீண்டும் முயன்றே வென்றிருக்கின்றனர்.

மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நோயாளி அத்தகைய முயற்சியொன்றைத் தாம் அறியாமலேயே தொடங்கிவிடுகிறார் என்பதே எங்கள் கருத்து. வார்டில் புகைக்க இயலாது. ஓரிரு நாட்களில் இரத்தத்தில் கலந்திருந்த கார்பன் மோனாக்சைடு நீங்குகிறது. மூன்று நாட்களுக்குள் நிக்கோட்டினும் ஏறக்குறைய முழுவதும் வெளியேறிவிடுகிறது. எரிச்சல், பதற்றம், உறக்கமின்மை ஆகியன பெரும்பாலும் இந்த முதல் மூன்று நாட்களில்தான் உச்சத்தை அடைகின்றன. பின்னர் இரண்டு முதல் நான்கு வாரங்களில் படிப்படியாகத் தணிகின்றன. நோயின் வலியோடு இதையும் ஒருவர் தாங்கிக் கடந்திருக்கிறார். இவ்வளவையும் கடந்தவர், டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் வாங்கிய அரை மணி நேரத்தில், எதிரிலுள்ள டீக்கடையில் ஒற்றை சிகரெட்டுக்கு அதனை இழப்பதைக் காணும்போது எங்களுக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டாகிறது. மாரடைப்புக்குப் பின் புகையை விட்டவர்கள் இறக்கும் அபாயம், தொடர்ந்து புகைப்பவர்களைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. பீடிக்கு மாறிக்கொள்வதாகச் சிலர் சொல்வதுண்டு. அதனால் ஒரு பயனும் இல்லை. பீடி அணைந்து போகாதிருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருப்பதால் நுரையீரலுக்கு அது எவ்வகையிலும் இளைத்ததன்று.

உடனிருப்போருக்கு நாங்கள் சொல்ல விரும்புவது சற்று வேறு. "இதனால்தானே உங்களுக்கு இந்த நோய் வந்தது" என்ற சொல்லை நோயாளி உங்களுக்கு முன்பே தமக்குத் தாமே நூறுமுறை சொல்லிக்கொண்டிருப்பார். சட்டைப் பையைச் சோதிப்பதும், வாயை முகர்ந்து பார்ப்பதும் அவரை மறைவில் புகைக்கப் பழக்குமேயன்றி விடச் செய்யா. புகை வேட்கை எழுந்தால் சில நிமிடங்களே நீடிக்கும். அந்தச் சில நிமிடங்களில் ஒரு குவளை நீர் கொடுங்கள், பேச்சுக் கொடுங்கள், தெருமுனை வரை உடன் நடந்து வாருங்கள். வீட்டில் மகனோ தம்பியோ புகைப்பவராயின், குறைந்தது அந்த ஒரு மாதமாவது அவர் எதிரில் பற்றவைக்காதிருக்கட்டும்.

தேநீரைப் பற்றியும் ஒரு சொல். புகையிலுள்ள பொருள்கள், காப்பி, தேநீரில் உள்ள காஃபீனைக் கல்லீரல் விரைந்து சிதைக்கும்படி செய்கின்றன. புகையை நிறுத்தியதும் அவ்வேகம் குறைவதால், வழக்கமான அளவே பருகினாலும் இரத்தத்தில் காஃபீன் மிகுகிறது. படபடப்பும் உறக்கமின்மையும் தோன்றுகின்றன. சிகரெட் இல்லாததால் வந்த தவிப்பு என்று பலரும் இதனைப் பிழையாக எண்ணிக்கொள்கின்றனர். சில வாரங்களுக்குக் காப்பி, தேநீரைப் பாதியாகக் குறைப்பது நல்லது. ஆஸ்துமாவுக்காகத் தியோஃபிலின் உட்கொள்வோர், புகையை நிறுத்தியதை மருத்துவரிடம் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். அதன் அளவையும் குறைக்க நேரிடலாம்.

மருந்தின்றி விடுவதை ஒரு விரதமாகவோ வீம்பாகவோ கொள்ள வேண்டியதில்லை. காலையில் கண் விழித்த அரை மணி நேரத்துக்குள் புகைத்துப் பழகியவர்களுக்கு நிக்கோட்டின் பிடி இறுக்கமானது. அவர்கள் மருந்தின் துணையை நாடினால் அது மன உறுதிக் குறைவு ஆகாது. வெற்றிக்கான வாய்ப்பு அதனால் கூடுகிறது. மருந்து வேண்டாதவர்களும் பேச்சுத் துணையையேனும் ஏற்கலாம். 1800-11-2356 என்ற தேசிய ஆலோசனை எண்ணை அழைக்கக் கட்டணம் இல்லை. வீடு திரும்புவதற்கு முன்பே அதனை நோயாளியின் கைபேசியிலும் உங்கள் கைபேசியிலும் பதிந்துகொள்ளுங்கள். வார்டுச் செவிலியரிடம் கேட்டால் எழுதித் தருவார்.