எரிப்பதற்கு முன் ஒரு பிற்பகல்

ஓராண்டாகத் தொடாத பொருளை வீசிவிடுங்கள் என்று வீடு மாறுவோருக்கு இப்போது எல்லோரும் உபதேசம் செய்கிறார்கள். இலண்டனிலோ ரொறன்ரோவிலோ உள்ள அடுக்குமாடி வீட்டுக்கு அது பொருந்தலாம். வட்டுக்கோட்டையில் பூட்டிக் கிடந்த தாய்வீட்டை விற்க இரண்டு வார விடுமுறையில் வந்திறங்குபவர்களும் அதையே வேதவாக்காகக் கொள்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பித்தளைக் குடத்துக்கு விலை கேட்கிறார்கள். பெட்டகத்தின் மரத்தைத் தட்டிப் பார்க்கிறார்கள். உள்ளே இருந்த ஏடு, கொப்பி, கடிதம், பழைய பத்திரிகை எல்லாம் கிணற்றடிக்கு அப்பால் வாழைச்சருகோடு எரிகின்றன. (உறுதி மட்டும் தப்பிவிடும். காணி விற்க அது வேண்டுமே!)

இது நடக்கும் ஊர் எது? 1823 இல் அமெரிக்க மிஷனரிமார் செமினரி தொடங்கிய ஊர். அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை, செல்லரித்த ஏடுகளைத் தேடியெடுத்து 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். அந்த ஏடுகளும் பலர் தலைமுறை தலைமுறையாகத் தொடாது விட்டவைதாம்.

1981 இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தவர்களை நாம் இன்றும் மன்னிக்கவில்லை, சரிதான். 1995 இடப்பெயர்வில் கைவிட்டுப் போனவற்றுக்கும் காரணம் சொல்லலாம். நம் கையாலேயே மூட்டும் இந்த நெருப்புக்கு எவரைக் குற்றஞ்சாட்டுவது?

நேரமில்லை என்பார்கள். ஒரு பிற்பகல் போதும். ஏடும் கையெழுத்தும் ஊர்ப்பெயர் தாங்கிய அச்சுத்தாளும் ஒரு பக்கம். மின்கட்டணச் சிட்டைகள் மறுபக்கம். 2005 முதல் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிம வடிவில் இணையத்தில் சேர்த்துவரும் ‘நூலகம்’ அமைப்பினருக்கு அறிவியுங்கள். பெட்டகத்தை வேண்டுமானால் விற்றுக்கொள்ளுங்கள்.