அடவு மறந்தா பரவாயில்லை... திருத்தம் மறந்தா?

உங்க செல்போன் கேலரியைக் கொஞ்சம் திறங்க பாஸ். 'டான்ஸ் கிளாஸ்'னு ஒரு ஃபோல்டர் இருக்கா? உள்ளே வரிசையா வீடியோ. எதுல எந்த ஜதி, எது பழசு, எது மிஸ் மாத்தினதுக்கு அப்புறம் எடுத்தது... அந்த நடராஜருக்கே வெளிச்சம்!

பரதம் கத்துக்கிட்டே காலேஜ் படிக்கிற பலரோட நிலைமை இதுதான். ஸ்கூல் நாள்ல வாரம் தவறாம கிளாஸ் போவோம். காலேஜ் வந்ததும் ஹாஸ்டல், இன்டர்னல்ஸ், லேப் ரெக்கார்டுன்னு வரிசை கட்டி நிக்கும். லீவுக்கு ஊருக்குப் போனாத்தான் மிஸ்ஸையோ மாஸ்டரையோ நேர்ல பார்க்க முடியும். 2020 லாக்டவுன்ல பழகின ஆன்லைன் கிளாஸ் நடுநடுவே கை கொடுக்கும். இந்த இடைவெளியில நீங்க கத்துக்கிட்டது எங்கே இருக்கும்? அதுக்கு ஒரு வழி இருக்கு. நீங்களும் உங்க மிஸ்ஸும் சேர்ந்து எழுதுற ஒரு டிஜிட்டல் நோட்டு. இந்த வாரம் அதைப் பத்திதான்.

வீடியோ போதாதா?

போதாது. நீங்க என்ன ஆடினீங்கன்னு வீடியோ காட்டும். அதுல எது தப்புன்னு தானா சொல்லாது. ஒரு சின்ன கணக்கு பார்ப்போமா?

ஆதி தாளம், 8 எண்ணிக்கை. கடைசி 4 எண்ணிக்கையில 'ததிங்கிணதொம்' மூணு தடவை வரணும். சதுஸ்ர நடையில ஒரு எண்ணிக்கைக்கு 4 அட்சரம். அப்போ 4 எண்ணிக்கைக்கு 16. 'ததிங்கிணதொம்' 5 அட்சரம், மூணு தடவைன்னா 15. மிச்சம் ஒண்ணு எங்கே போச்சு? அதை ஆரம்பத்துலயே விடணும்னு மிஸ் சொல்லியிருந்தா, அஞ்சாவது எண்ணிக்கையோட தட்டு விழுந்ததும் கால் இடம் தள்ளி எடுக்கணும். எடுத்தா, முடிச்ச கையோட அடுத்தது சரியா சமத்துல விழும். தட்டு மேலேயே அவசரமா எடுத்தீங்கன்னா, ஒரு அட்சரம் முன்னாடியே முடிச்சுட்டு மேடையில சிலை மாதிரி நிக்க வேண்டியதுதான்!

வேகமா ஓடுற வீடியோவுல இந்தக் கால் இடம் கண்ணுக்குச் சட்டுனு சிக்காது. நோட்டுல ஒரே வரி போதும்: '5-வது தட்டு. கால் இடம் விட்டு எடுப்பு.' ஆறு மாசம் கழிச்சுப் படிச்சாலும் புரியும்.

என்ன எழுதலாம்?

பக்கம் பக்கமா கட்டுரை வேண்டாம். ஒவ்வொரு கிளாஸுக்கும் அஞ்சு விஷயம் இருந்தா போதும்.

1. தேதி, உருப்படி பேர், ராகம், தாளம். தேதி ரொம்ப முக்கியம். மிஸ் ஒரு கோர்வையை மாத்தினா பழசு எது, புதுசு எதுன்னு சண்டை வராது.

2. சொற்கட்டு. வாயால சொல்ற மாதிரியே எழுதுங்க. கீழே எண்ணிக்கை போடுங்க.

3. கால். எந்த அடவு, எந்தக் கால் முதல்ல, அரைமண்டியா முழுமண்டியா? பாணிக்குப் பாணி அடவு பேர் மாறும். உங்க கிளாஸ்ல சொல்ற பேரையே எழுதுங்க. 'வலது'ன்னா எப்பவும் ஆடுறவரோட வலதுன்னு முதல்லயே முடிவு பண்ணிக்குங்க. செல்ஃபி கேமரா வலதை இடதாக்கிக் குழப்பும்!

4. கை, பார்வை. 'அலபத்மம், பார்வை கையோடு' மாதிரி சுருக்கமா.

5. திருத்தம். நோட்டோட உயிரே இதுதான். 'முட்டி உள்ளே மடங்குது', 'தோள் ஏறுது', 'மூணாம் காலத்துல அரைமண்டி காணோம்' மாதிரி, மிஸ் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்க. திட்டு இருந்தா அதையும் சேர்த்துக்கலாம், தப்பில்லை!

அபிநயத்துக்கு மட்டும் ரூட் வேற. பதத்துலயோ வர்ணத்துலயோ 'கை கன்னத்துல, தலை சாய்வு'ன்னு மட்டும் எழுதினா அது பொம்மலாட்டம் ஆயிடும். அந்தப் பெண் தோழிகிட்ட பேசுறாளா, நாயகன்கிட்டயா? அவர் எந்தப் பக்கம் நிக்கிறார்? கோபமா, கோபம் மாதிரி நடிப்பா? இதை எழுதி வெச்சா முத்திரை தானா ஞாபகம் வரும்.

இன்னொரு டிப்ஸ். கிளாஸ் முடிஞ்ச அன்னிக்கு ராத்திரி, வீடியோவைப் பார்க்காம எழுதுங்க. எந்த இடத்துல எழுத முடியாம பேனா நிக்குதோ... ஸாரி, விரல் நிக்குதோ, அநேகமா அங்கேதான் மேடையிலயும் கால் நிக்கும். அந்த இடத்துக்கு மட்டும் வீடியோவைப் போட்டுப் பாருங்க.

மிஸ்ஸை எப்படிச் சேர்க்கிறது?

கூகுள் டாக்ஸ் மாதிரி ஒண்ணு போதும், காசு கிடையாது. எழுதுறது உங்க வேலை, திருத்துறது அவங்க வேலை. அவங்களுக்கு கமென்ட் போடுற அனுமதி கொடுத்துட்டா, தப்பான வரி பக்கத்துலயே குறிப்பு வந்துடும். முந்தின வடிவமும் அழியாம உள்ளேயே இருக்கும்.

'எங்க மிஸ்ஸுக்கு டைப் பண்றதுன்னாலே அலர்ஜி'ங்கறீங்களா? பிரச்னையே இல்லை. வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொல்லுங்க. ஜதியை அவங்க குரல்லயே கேட்கிறது இன்னும் விசேஷம். கேட்டு, டைப் பண்ணி, 'சரியா மிஸ்?'னு ஒரு தடவை காட்டிடுங்க. இத்தனை பசங்கள்ல உங்களுக்கு எங்கே நிறுத்தினோம்னு அவங்களும் யோசிக்க வேண்டாம். நோட்டைத் திறந்தா அடுத்த கிளாஸ் அங்கிருந்தே ஆரம்பம்.

வீடியோவை நோட்டுக்குள்ள லிங்க்கா மட்டும் வைங்க. உருப்படிக்கு ஒண்ணு போதும். கூகுள்ல இலவசமா கிடைக்கிற 15 ஜிபி இடம் மெயில், போட்டோ, டிரைவ் எல்லாத்துக்கும் சேர்த்துத்தான்.

யார் சொத்து?

இங்கே கொஞ்சம் சீரியஸா பேசணும். டைப் பண்ணினது நீங்க. ஆனா அமைச்சது மிஸ். 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் நடன அமைப்பை நாடகப் படைப்புங்கற வகையில சேர்த்திருக்கு. ஆனா ஒரு நிபந்தனை... அது எழுத்துலயோ வேற விதத்துலயோ பதிவாகி இருக்கணும். அதாவது, நீங்க ஜாலியா எழுதுற நோட்டு, உங்க மிஸ்ஸோட உழைப்புக்கு ஒரு சாட்சி!

அதனால முதல்ல அனுமதி கேளுங்க. 'லிங்க் இருக்கிற யாரும் பார்க்கலாம்'ங்கற செட்டிங் பக்கமே போகாதீங்க. கல்ச்சுரல்ஸுக்கு அதே வர்ணத்தோட ஜதியை டீமுக்குச் சொல்லிக்கொடுக்கணும்னு ஆசையா? ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்க. வருஷக்கணக்கா யோசிச்சு அமைச்ச கோர்வையை, ஏதோ ஒரு காலேஜ் மேடையில பேர் கூடச் சொல்லாம ஆடினதைப் பார்த்தா மனசு வலிக்காதா? 'எழுத வேண்டாம்'னு மிஸ் சொல்லிட்டா மதிச்சுடுங்க. உங்க உடம்போட தப்புகளை மட்டும் உங்களுக்காகக் குறிச்சுக்கலாம்.

ஆட்டத்தை எழுதி வைக்கணுங்கற ஆசை ஒண்ணும் புதுசில்லை. 1700-ல பாரீஸ்ல ஃபுயே தன்னோட நடனக் குறியீட்டைப் புத்தகமா போட்டார். 1928-ல ருடால்ஃப் லாபான் இன்னொரு குறியீட்டு முறையை வெளியிட்டார். நம்ம பக்கம், 19-ம் நூற்றாண்டுல தஞ்சை நால்வரான சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஒழுங்குபடுத்தின கச்சேரி முறை, குரு வாய்ல இருந்து சிஷ்யர் காதுக்கும் காலுக்கும் போய்த்தான் இன்னிக்கும் மேடையேறுது. நோட்டு அதுக்கு மாற்று இல்லை. ரெண்டு கிளாஸுக்கு நடுவுல போடுற பாலம், அவ்ளோதான்.

இந்த வார வேலை இதோ. ஒரே ஒரு ஜதி. வீடியோ பார்க்காம எழுதி மிஸ்ஸுக்கு அனுப்புங்க. 'நாலாவது வரி தப்பு'ன்னு பதில் வந்தா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதீங்க. கிளாஸ் ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம்!