மலை ஏறிய ரெயில் மரக்காணம் வராதா?

ரெயில் மலை ஏறுமா?

ஏறும்! நீலகிரியில் ஏறுகிறது. மேட்டுப்பாளையத்தில் புறப்பட்டு, குன்னூர் வழியாக ஊட்டிக்குப் போகிறது. தூரம் 46 கிலோ மீட்டர்தான். ஆனால், போய்ச் சேர ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். வழி அப்படி! 16 குகைகள். 250 பாலங்கள். 208 வளைவுகள்.

கல்லாற்றைத் தாண்டியதும் கடுமையான ஏற்றம். 12 அடி போனால் 1 அடி உயர வேண்டும். வழுக்காதா? வழுக்காது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை இருக்கிறது. என்ஜினின் பல் சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. குன்னூர் வரை நீராவி என்ஜின், பெட்டிகளைப் பின்னால் இருந்து தள்ளிக்கொண்டு போகிறது!

இந்த ரெயில் சுலபமாக வந்துவிடவில்லை. 1854-ம் ஆண்டில் யோசனை பிறந்தது. 1891-ல் வேலை தொடங்கியது. தொடங்கிய கம்பெனி நொடித்துப் போனது. அப்படியும் விடவில்லை. 1899-ல் ரெயில் குன்னூர் வந்தது. 1908-ல் ஊட்டியை எட்டியது.

ஏன் இத்தனை பாடு? வெள்ளைக்காரர்களுக்குக் கோடை வெயில் தாங்கவில்லை. மலைக்குப் போக வழி வேண்டும் என்றார்கள். மலையைக் குடைந்தார்கள். 2005-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நமக்கும் பெருமைதான்.

இனி மரக்காணம் உப்பளத்தைப் பாருங்கள். இங்கே மலை இல்லை. குகை தோண்ட வேண்டாம். பல் சக்கரம் வேண்டாம். ஆனால் ரெயில் இல்லை!

முன்பு பக்கிங்காம் கால்வாயில் உப்பு படகில் போனது. 1965, 1966-ம் ஆண்டுப் புயல்களில் கால்வாய் பாழானது. இன்று உப்புக்கு லாரிதான் கதி. மனிதர்கள் ரெயில் ஏற வேண்டுமானால், பஸ் பிடித்துத் திண்டிவனம் போக வேண்டும்.

சென்னையில் இருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்கு ரெயில் பாதை போட ஒரு திட்டம் உண்டு. மாமல்லபுரத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் மரக்காணம். ஆனால், அந்த ரெயில் இன்னும் காகிதத்தில்தான் ஓடுகிறது!

கஷ்டம் இல்லாமல் இல்லை. உப்புக் காற்று இரும்பைத் தின்னும். கழுவெளிப் பறவைகளுக்கு இடைஞ்சல் வரக்கூடாது. பாதையைப் பார்த்துத்தான் போட வேண்டும். என்றாலும், மலையைக் குடைந்ததைவிட இது பெரிய வேலையா?

குளிர்ச்சி தேடியவர்களுக்காக ரெயில் மலை ஏறியது. கொளுத்தும் வெயிலில் உப்பு வாருகிறவர்களுக்காகச் சமதரையில் ஓடக்கூடாதா?