ஆய்வகப் பிடி-1 புரதம் மருந்தன்று: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

புற்றுநோய்க்கான இம்யூனோதெரபி பற்றிய செய்திகள் பெருகியுள்ளன. அது குறித்து இணையத்தில் தேடும்போது, ‘மனிதப் பிடி-1 மறுசேர்க்கைப் புரதம்’ என்ற பெயரில் குப்பிகள் விற்கப்படுவதை நீங்கள் காணக்கூடும். மருத்துவர் பரிந்துரைக்கும் மருந்துக்கு இது மாற்று ஆகாது.

பிடி-1 என்பது என்ன?

நோயெதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்த டி செல்களின் மேற்பரப்பில் உள்ள ஓர் ஏற்பியே பிடி-1. ஜப்பானிய அறிவியலாளர் தசுக்கு ஹோஞ்சோவின் குழு 1992-இல் இதனைக் கண்டறிந்தது. நம் உடலையே டி செல்கள் தாக்கிவிடாதபடி இது தடைபோடுகிறது. சில புற்றுநோய்கள் இத்தடையைத் தமக்குச் சாதகமாக்கிக்கொண்டு தப்பிக்கின்றன. நிவோலுமேப், பெம்ப்ரோலிசுமேப் ஆகிய மருந்துகள் பிடி-1 உடன் இணைந்து அத்தடையை நீக்குகின்றன. ஹோஞ்சோவுக்கும் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் 2018-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

குப்பியில் இருப்பது என்ன?

மருந்து தடையை நீக்குவது. குப்பியில் இருப்பதோ அந்த ஏற்பியின் ஒரு பகுதி. அதற்குரிய மரபணுவை வளர்ப்புச் செல்களில் செலுத்தி, உருவாகும் புரதத்தைப் பிரித்துத் தூய்மைப்படுத்துகின்றனர். புதிய மருந்து ஏற்பியுடன் எவ்வளவு வலுவாக இணைகிறது என்பதை அளக்க ஆய்வாளர்களுக்கு இது பயன்படுகிறது.

பெரியவர்களுக்கான பெம்ப்ரோலிசுமேப் வழக்கமான அளவு, மூன்று வாரங்களுக்கு ஒருமுறை 200 மில்லிகிராம். ஆய்வகப் புரதமோ பெரும்பாலும் மைக்ரோகிராம் அளவுகளில் விற்கப்படுகிறது.

‘ஆராய்ச்சிப் பயன்பாட்டிற்கு மட்டும்’ என்ற குறிப்பு ஒரு சம்பிரதாயம் அன்று. அப்பொருள் மனிதருக்குச் செலுத்தத்தக்கதென எந்தச் சோதனையிலும் உறுதிசெய்யப்படவில்லை என்பதே அதன் பொருள். ‘95 விழுக்காடு தூய்மை’ என்பது கிருமியற்ற தன்மைக்கோ பாதுகாப்புக்கோ சான்றாகாது.

நீங்கள் செய்ய வேண்டியவை

• ஆய்வகப் பொருள்களை வாங்கவோ உடலில் செலுத்தவோ வேண்டாம்.
• இம்யூனோதெரபி எல்லாப் புற்றுநோய்க்கும் பயன் தராது. உங்கள் நோய்க்கு அது பொருந்துமா, எப்பரிசோதனை தேவை என மருத்துவரிடம் கேளுங்கள்.
• செலவு சுமையானால் சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள். காப்பீடு, மாற்றுச் சிகிச்சை ஆகியவற்றை மருத்துவமனையில் விசாரியுங்கள்.
• இம்மருந்து பெறுவோருக்குத் தொடர் வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல், மஞ்சள் காமாலை, கடும் சோர்வு ஏற்பட்டால் உடனே மருத்துவரை அணுகுங்கள். சிகிச்சை முடிந்து பல மாதங்களுக்குப் பின்னரும் இவை தோன்றலாம்.