தோல் வாசத்துக்கு 92 மார்க்

"தோழர், நீங்க விஸ்கிக்கு மார்க் போடுவீங்களாமே, நிஜமா?"

போன மாதம் ஒரு மாணவர் விடுதியில் வாசிப்பு வட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி இப்படிக் கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கேள்வியில் கோபம் இருந்தது, கோபத்தில் நியாயமும் இருந்தது. 1956 அக்டோபரில் நாக்பூரில் பாபாசாகேப் தந்த 22 உறுதிமொழிகளில் மது அருந்த மாட்டேன் என்பதும் ஒன்று. சாராயம் தின்று தீர்த்த குடும்பங்கள் நம் தெருவில் எத்தனை என்று எனக்கும் தெரியும். எனவே மழுப்பாமல் பதில் சொல்கிறேன்.

ஆமாம், போட்டேன். நாலு வருடம். இரண்டு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதியிருக்கிறேன். இப்போது நிறுத்திவிட்டேன். யாரையும் குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. சாதியைப் பற்றி எந்தப் புத்தகமும் எனக்கு இவ்வளவு பச்சையாகக் காட்டாத ஒன்றை அந்தக் கிளாஸ்கள் காட்டின. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பெங்களூரில் வேலை பார்த்த காலம் அது. அலுவலக நண்பர் ஒருவர் கூப்பிட்டார். மாதம் ஒரு சனிக்கிழமை, எட்டுப் பேர், ஒருவர் வீட்டு மாடி. ஆளுக்கு ஐந்து சின்னக் கிளாஸ். வாசம் சிதறாமல் மூக்குக்கு வர வேண்டும் என்று வாய் குறுகலாகச் செய்த கிளாஸ். ஒவ்வொன்றிலும் ஓரிரு மடக்குதான் இருக்கும். எந்தப் புட்டியிலிருந்து ஊற்றியது என்று சொல்ல மாட்டார்கள். புட்டிகளைத் துணியில் சுற்றி எண் மட்டும் ஒட்டியிருப்பார்கள். வாசத்துக்கு 25, ருசிக்கு 25, விழுங்கிய பிறகு தொண்டையில் நிற்பதற்கு 25, எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துவதற்கு 25. மொத்தம் 100. எல்லோரும் எழுதி முடித்த பிறகே துணியை அவிழ்ப்பார்கள்.

எனக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்ல மாட்டேன். முதல் மாதம் ஐந்து கிளாஸுக்கும் "நெடி" என்று மட்டும் எழுதினேன். ஆறாவது மாதம் வறுத்த தானியம், உலர்ந்த திராட்சை, கிராம்பு, பழைய மரப்பெட்டி என்று பிரித்து எழுத வந்தது. சில சொட்டுத் தண்ணீர் விட்டால் மறைந்திருந்த வாசம் மேலே வரும். மூக்கு பழகக்கூடியது, சொல்லிக்கொடுத்தால் கற்றுக்கொள்ளும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். இதை மனதில் வையுங்கள். பின்னால் வேண்டும்.

ஒரு சனிக்கிழமை, மூன்றாம் கிளாஸ். ஷெர்ரி ஒயின் இருந்த ஓக் பீப்பாயில் வருடக்கணக்கில் கிடந்த சரக்கு. என் பக்கத்தில் இருந்தவர் கண்ணை மூடி முகர்ந்தார். "ஆஹா, தோல்! பழைய தோல் வாசம்! தாத்தா வீட்டு சாய்வு நாற்காலி மாதிரி!" என்றார். நாலு பேர் தலையாட்டினார்கள். அவர் போட்டது 92.

நான் ஆம்பூர் பக்கத்துக்காரன். என் அப்பா தோல் ஷாப்பில் முப்பது வருடம் வேலை செய்தவர். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலைக் கையால் தூக்கிப் போட்டு நகக்கண் எல்லாம் வெந்துபோனவர். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை குளியல், அப்புறம்தான் எங்களைத் தொடுவார். பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சில் இருந்த பையன் என்னைப் பார்த்தாலே மூக்கைப் பொத்துவான். ஆசிரியர் அவனைக் கண்டிக்கவில்லை. அவனை வேறு பெஞ்சுக்கு மாற்றினார்.

பையனை விடுங்கள். அதே பெங்களூரில், அந்த மூன்றாம் கிளாஸுக்கு ஒரு வருடம் முன்னால், வாடகைக்கு வீடு பார்க்கப் போனேன். வீட்டுக்காரம்மா ஊர் கேட்டார், அப்பா என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். முகம் மாறியது. "தப்பா நினைச்சுக்காதீங்க, உங்க சமையல் வாசம் எங்களுக்கு ஒத்துக்காது" என்றார். அந்த வீட்டில் நான் அதுவரை ஒரு டீகூடப் போட்டதில்லை. அவர் மூக்கு எதை முகர்ந்தது?

தோல் மட்டும் இல்லை. ஸ்காட்லாந்தில் டஃப்டவுன் என்ற ஊரில் மார்ட்லாக் என்றொரு வடிசாலை இருக்கிறது. 1823இல் தொடங்கியது. அதன் சரக்கைப் புகழ ரசிகர்கள் எப்போதும் எடுக்கும் சொல், கறித்தன்மை. மாட்டுக்கறி வேகவைத்த சாறு மாதிரி இருக்கிறது என்பார்கள், மார்க்கைக் கூட்டிப் போடுவார்கள். ப்ரோரா என்று இன்னொரு வடிசாலை, 1983இல் மூடி 2021இல் திரும்பத் திறந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அங்கே வடித்ததில் மாட்டுத்தொழுவ வாசம் வரும் என்பதே அதன் பெருமை. அந்தப் புட்டிகள் லட்சக்கணக்கில் விலை போகின்றன. எங்கள் கூட்டத்தில் ஒருவர் மார்ட்லாக்கை முகர்ந்து "மாட்டுக்கறிச் சாறு, பிரமாதம்" என்று எழுதினார். அவர் குடியிருந்த அடுக்குமாடியில் அசைவம் சமைப்பவருக்கு வீடு தருவதில்லை. அந்தத் தீர்மானத்தில் அவர் கையெழுத்தும் உண்டு.

"இதெல்லாம் உவமை, நிஜத் தோலும் நிஜத் தொழுவமும் வேறு" என்று சொல்ல வருவார்கள். சரி, வேதியியலுக்கு வருவோம். சதுப்பு நிலத்தில் மக்கிக் கிடக்கும் பீட் என்ற மண்ணை எரித்து, அந்தப் புகையில் முளைகட்டிய பார்லியை உலர்த்தினால் பீனால் வகைச் சேர்மங்கள் தானியத்தில் ஏறும். அவற்றில் கிரெசால்களும் உண்டு. அந்தக் கிரெசால்களில் ஒன்றுதான் மாட்டுத்தொழுவத்தின் வாசத்துக்கும் முக்கியக் காரணம். ஓக் பீப்பாயிலிருந்து விஸ்கியில் இறங்கும் டானின் என்ற பொருளுக்கு அந்தப் பெயர் வந்ததே தோல் பதனிடும் தொழிலிலிருந்துதான். ஐரோப்பாவில் ஓக் பட்டையில் தோலை ஊறவைத்தார்கள், நம் பக்கம் ஆவாரம்பட்டையில் ஊறவைத்தார்கள். என் அப்பாவும் அந்தப் பீப்பாயும் ஒரே துறைக்காரர்கள்.

கந்தகத்தைப் பாருங்கள். வடிக்கும்போது வரும் கந்தகச் சேர்மங்கள் சரக்கைக் கெடுத்துவிடக் கூடாது என்று கொப்பரையைச் செம்பில் செய்கிறார்கள். செம்பு கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் மிச்சம் இருந்தால் கறி வாசம் வரும் என்று, எவ்வளவு மிச்சம் வைப்பது என்பதையும் தலைமுறை தலைமுறையாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். நல்லது. மலக்குழியில் இறங்கும் நம் ஆளைக் கொல்லும் ஹைட்ரஜன் சல்பைடும் கந்தகச் சேர்மம்தான். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 2013இல் வந்துவிட்டது. இன்னும் இறக்குகிறார்கள், இன்னும் பிணமாகத் தூக்குகிறார்கள். ஒரு மடக்கு மதுவில் கந்தகம் மிஞ்சக் கூடாது என்று இவ்வளவு செம்பைக் கொட்டத் தெரிந்த மனித குலம், ஒரு மனிதனின் மூச்சுக்கு முகமூடி வாங்க யோசிக்கிறது.

எங்கள் கூட்டத்துக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று உண்டு. பெங்களூரில் வடிக்கும் அம்ருத் 2004இல் கிளாஸ்கோவில் அறிமுகமான கதை. இந்திய விஸ்கி என்றாலே வெள்ளைக்காரன் முகம் சுளித்தான், பெயரைச் சொல்லாமல் ஊற்றிக் கொடுத்தபோது நல்ல ஸ்காட்ச் என்று நம்பிக் குடித்தான் என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்வார்கள். பிறகு ஜிம் மர்ரே தன் 2010ஆம் ஆண்டு விஸ்கி வழிகாட்டியில் அம்ருத் ஃப்யூஷனுக்கு 100க்கு 97 போட்டு, உலகில் மூன்றாவது என்றார். "லேபிளைப் பார்த்தால் மூக்கு பொய் சொல்லும். அதனால்தான் நாம் துணி சுற்றி வைக்கிறோம்" என்று கதையை முடிப்பார்கள்.

அந்த மூன்றாம் கிளாஸ் அன்றைக்கும் இந்தக் கதை வந்தது. கதை முடிந்ததும் சொன்னேன்: "எங்க அப்பா தோல் ஷாப்ல வேலை செஞ்சவர்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு 92 போட்டவர், "ஓ, அதான் உங்களுக்கு மூக்கு இவ்ளோ ஷார்ப்!" என்றார். பாராட்டுவதாகத்தான் நினைத்தார். அடுத்த மாதம் கூட்டம் நடந்ததாக எனக்குத் தகவல் வரவில்லை. நடந்ததாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன்.

தோழர்களே, வெள்ளைக்காரன் தங்கள் புட்டியின் லேபிளைப் பார்த்து முகம் சுளித்தது அநியாயம் என்று அவர்களுக்குப் புரிகிறது. அந்த அநியாயத்துக்கு மருந்தும் தெரிகிறது. லேபிளை மறை, பிறகு மார்க் போடு. பிறப்பால் ஒட்டிய லேபிளைப் பார்த்து அதே காரியத்தைத் தாங்கள் செய்யும்போது மட்டும் அது சுத்தம் ஆகிவிடுகிறது, பழக்கவழக்கம் ஆகிவிடுகிறது, "எங்களுக்கு ஒத்துக்காது" ஆகிவிடுகிறது.

இந்த லேபிள் வேலை அங்கே மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவின் டென்னசியில் ஜாக் டேனியல் என்ற சிறுவனுக்கு விஸ்கி வடிக்கக் கற்றுக்கொடுத்தவர் நியரஸ்ட் கிரீன் என்ற கறுப்பர். டான் கால் என்ற போதகரின் பண்ணையில் அடிமையாக வேலை செய்தவர். அடிமைமுறை ஒழிந்த பிறகு ஜாக் டேனியலின் முதல் தலைமை வடிப்பாளரும் அவரே. ஆனால் வெகுகாலம் ஊருக்குச் சொல்லப்பட்ட கதையில் குரு அந்தப் போதகர்தான். 2016இல்தான் அந்த நிறுவனம் கிரீனின் பெயரை வெளிப்படையாக முன்னால் கொண்டுவந்தது. கறுப்புக் கை வடித்ததை உலகமே சப்புக்கொட்டிக் குடித்தது, கைக்குரியவன் பெயர் வெளியே வர ஒன்றரை நூற்றாண்டு ஆனது. தோல் ஷாப்பிலிருந்து போன தோலில் செய்த நாற்காலியை முகர்ந்தவருக்கு என் அப்பா பெயர் தெரியாததில் என்ன ஆச்சரியம்?

மாடியில் ஐந்து கிளாஸ் குடித்தவன் ரசிகன். டாஸ்மாக் வாசலில் ஒரு குவார்ட்டர் குடித்தவன் குடிகாரன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். உடல் நோகும் கூலி வேலை செய்தவர்கள். "குடிச்சான், செத்தான்" என்று எழுதியவர்கள் எத்தனை பேர்! அந்தச் சாவுக்கு அரசும் விற்றவனும் பொறுப்பு என்று பேசுவோம், குடி வேண்டாம் என்றும் நம் தெருவில் பேசுவோம். இரண்டையும் சேர்த்துப் பேசும் உரிமை நமக்கு இருக்கிறது. கண்ணை மூடி முகர்ந்து மார்க் போடுகிறவனுக்கு நம் ஆளைப் பார்த்து ஒழுக்கம் பேச உரிமை இல்லை.

கேள்வி கேட்ட தம்பிக்கு: விலை உயர்ந்த சரக்கை ருசிக்கத் தெரிந்தால் சமத்துவம் வந்துவிடும் என்று நானும் கொஞ்ச நாள் நம்பினேன். அது என் ஏமாளித்தனம். கிளாஸ் கைக்கு வந்தது, வீடு கிடைக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கொண்டுவந்தேன். அருவருப்பு இயற்கை இல்லை. ஆறு மாதத்தில் ஒரு மூக்குக்கு எதையும் ரசிக்கக் கற்றுக்கொடுக்கலாம் என்றால், எதையும் வெறுக்கவும் யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். நாளைக்கு விடுதியிலோ வேலையிடத்திலோ வாடகை வீட்டு வாசலிலோ உங்களைப் பார்த்து ஒருவர் "வாசம் ஒத்துக்காது" என்றால், தலை குனிந்து சட்டையை முகர்ந்து பார்க்காதீர்கள். எங்கள் மாடியில் எழுதச் சொன்ன மாதிரி அவரிடம் கேளுங்கள்: என்ன வாசம், எதிலிருந்து வருகிறது, பிரித்துச் சொல்லுங்கள். அவரால் சொல்ல முடியாது. அவர் முகர்ந்தது லேபிளை.

ஜெய் பீம்.