உள்ளங்கையில் ஒரு 'நாட்'

1965 போரில் 'சேபர் கொல்லி' என்று பெயரெடுத்த குட்டி விமானம். 1:72 அளவில் நீளம் சுமார் பன்னிரண்டு சென்டிமீட்டர்தான். ஆனால் பிளாஸ்டிக் மாடல் செய்யும் இந்தியர்களை அது படுத்திய பாடு கொஞ்சமல்ல. பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் 1960களில் கொண்டுவந்த 'கிட்', இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம். இந்தியா போரில் பறக்கவிட்டதோ ஒற்றை இருக்கை 'நாட்'. உடலை வெட்டி, இறக்கையைக் குறைத்து, புட்டி அடைத்து, உப்புத்தாளால் தேய்த்தாக வேண்டும்.

அளவையும் அமைப்பையும் தில்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் நேரில் பார்க்கலாம். வண்ணம்தான் சிக்கல். மறுபடி பெயின்ட் கண்ட விமானத்தில் போர்க்காலச் சாயல் எங்கே? பழைய புகைப்படங்களே சாட்சி. அவையும் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை.

இவ்வளவு மெனக்கெடலுக்குக் காரணம் உண்டு. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானில் ஆறு சேபர்களை எதிர்த்து நிர்மல்ஜித் சிங் செகோன் மடிந்தது 'நாட்' விமானத்தில். விமானப்படைக்குக் கிடைத்த ஒரே பரம் வீர் சக்ரா அவருடையது. அவர் விமானத்தை இரண்டு இருக்கையோடு அலமாரியில் வைக்க யாருக்கு மனம் வரும்?