ஊசி போட்ட மீனா? பயம் வேண்டாம்!

"இது ஊசி போட்ட மீனாம், வாங்காதே" என்ற பேச்சு சந்தையில் உங்கள் காதிலும் விழுந்திருக்கலாம். மீன் பண்ணையில் ஊசி போடுவது உண்மைதான். ஆனால் அதை எந்த மீனுக்குப் போடுகிறார்கள், எதற்காகப் போடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டால் வீண் பயம் நீங்கிவிடும்.

ரோகு, கட்லா, மிருகால் போன்ற கெண்டைகள் ஆற்று மீன்கள். மழை பெய்து புதுவெள்ளம் வரும்போதுதான் முட்டையிடும். அப்போது மூளை, தன் அடியிலுள்ள பிட்யூட்டரி என்னும் சிறு சுரப்பியைத் தூண்டும். அது விடும் ஹார்மோன் இரத்தத்தில் கலந்து சினையை முற்ற வைத்து வெளியேற்றும். குளத்தில் வளரும் மீனுக்கும் சினை பிடிக்கும். ஆனால் வெள்ளம் இல்லாததால் அந்தத் தூண்டுதல் கிடைக்காது; முட்டையும் இடாது.

அதனால் இந்தியாவில் முன்பு மழைக்காலத்தில் ஆற்றிலிருந்துதான் குஞ்சு பிடித்தார்கள். மற்றக் குஞ்சுகளைத் தின்னும் மீன்களும் அதில் கலந்துவிடும். காசு கொடுத்து வாங்கியவர் பாடு திண்டாட்டம்தான்!

1957 ஜூலை 10ஆம் நாள் இதற்கு வழி பிறந்தது. ஒடிசாவிலுள்ள அங்குலில் டாக்டர் ஹீராலால் சௌத்ரியும் டாக்டர் அலிக்குஞ்ஞியும் ஊசி மூலம் கெண்டைகளை முட்டையிட வைத்தார்கள். இன்றும் அந்த நாளை இந்தியாவில் மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

முறை இதுதான். முதிர்ந்த மீனின் தலையிலிருந்து சுரப்பியை எடுத்து அரைத்து, நீரில் கரைத்து, தெளிந்த நீரை ஊசியில் ஏற்றுவார்கள். தாய் மீனுக்கு எடையில் கிலோவுக்கு 2 அல்லது 3 மில்லிகிராம். ஆறு மணி நேரம் கழித்து 5 முதல் 8 மில்லிகிராம். ஆண் மீனுக்கு அப்போது ஒரே ஊசி, 2 அல்லது 3 மில்லிகிராம். பிறகு துணித் தொட்டியில் சேர்த்து விட்டால் நாலைந்து மணி நேரத்தில் முட்டையிடும்.

இப்போது மருந்துக் கம்பெனிகள் தயாரிக்கும் ஹார்மோன் ஊசிகளும் வந்துவிட்டன. மலாய்க்காரர் 'கெலி' என்று அழைக்கும் கெளுத்தியையும் பண்ணைகளில் இப்படித்தான் குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள்.

தாய்மார்களே, ஊசி போடுவது தாய் மீனுக்கும் ஆண் மீனுக்கும்தான். அதுவும் முட்டையிட வைப்பதற்கு மட்டுமே. குஞ்சுகளுக்கு அந்த ஊசி கிடையாது. அவை பல மாதம் தீனி தின்று வளர்ந்த பிறகே உங்கள் சட்டிக்கு வருகின்றன.

குளம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊசி சினையை உண்டாக்காது; முற்றிய சினையை வெளியேற்றத்தான் உதவும். வயிறு உப்பி மெத்தென்று இல்லாத மீனுக்கு ஊசி போட்டால் மருந்தும் வீண், மீனும் வீண். ஊசி போட்ட மீனை விற்கவும் வேண்டாம், சமைக்கவும் வேண்டாம்.

சந்தைக்குப் போகும்போது செவுள் சிவந்திருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால், தாராளமாகக் குழம்புக்குப் புளியைக் கரையுங்கள்!